எந்த வெளிச்சத்தில் பார்த்தாய்

இந்த அறைக்குள் உட்கார்ந்திருக்கும்வரை யாருக்கும் எதுவும் ஆகவில்லை. கதவைச் சாத்தியாயிற்று, செல்போனை மடியில் வைத்தாயிற்று, தலைக்கு மேலும் பக்கத்திலும் அடுக்கடுக்காக எரிகிற இந்தக் கத்தரிப்பூ வெளிச்சத்தில் என் கை, என் சேலை, தட்டுகளில் நிற்கிற லெட்யூஸ் கீரை, ஆசுபத்திரிக்குப் போன அன்று அவர் கழற்றிப் போட்ட ரப்பர் செருப்பு எல்லாம் ஒரே குடும்பத்து நிறமாக இருக்கின்றன. மாற்றுத்துணி எடுக்கத்தான் வீட்டுக்கு வந்தேன். ஒரு லுங்கி, இரண்டு பனியன், துண்டு. எடுத்துப் பையில் வைத்துவிட்டேன், பை கீழே கட்டிலில் இருக்கிறது, நான் மாடியில் இருக்கிறேன். அவரோடு அவருடைய அக்கா வசந்தாமணி நங்கையா இருக்கிறார், சாயந்தரம் டாக்டர் வந்து ஸ்கேனில் என்ன இருக்கிறது என்று சொல்வாராம், சொன்னதும் நங்கையா எனக்குப் போன் பண்ணுவார். பித்தக்குழாயின் வாயை ஏதோ அடைத்திருக்கிறது என்கிறவரை நேற்றே சொல்லிவிட்டார்கள். கல்லாகவும் இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். கல்லாக இருக்கட்டும், கல்லாக இருக்கட்டும் என்று காலையிலிருந்து வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இட்லியை விழுங்கும்போது சொன்னேன், பீரோவைத் திறக்கும்போது சொன்னேன், பல்லி கத்தினால்கூட எந்தப் பக்கம் என்று பார்க்கிறேன், நான், தாவரவியல் படித்தவள். கிளம்பும்போது அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "மேல போயி செடிய ஒருக்காப் பாத்துட்டு வா, கலா. ஆள் போயி எத்தன நாளாச்சு." சரிங்க என்று வந்தேன். வந்து உட்கார்ந்திருக்கிறேன். பார்க்கவில்லை. இந்த வெளிச்சத்தில் பார்ப்பது பார்ப்பதே இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இலையைப் பார்க்கவேண்டுமென்றால் இந்த விளக்குகளை அணைத்துவிட்டுக் கதவோரத்து வெள்ளை டியூப்லைட்டைப் போடவேண்டும், அதுதான் இந்த அறையின் முறை, அந்த டியூப்லைட் போய் ரொம்ப நாளாகிறது, மாற்றுகிறேன் மாற்றுகிறேன் என்றார், நானும் விரட்டவில்லை.

கீரைக்குச் சிவப்பு விளக்கும் நீல விளக்கும் போதும் என்று சொன்னது நான். அதில் எனக்கு எவ்வளவு பெருமை. ஸ்கூலில் பாடம் எடுத்த காலத்தில் வருஷா வருஷம் அந்தச் சோதனையைச் செய்து காட்டுவேன், கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர், தண்ணீருக்குள் ஹைட்ரில்லா கொடி, அதன்மேல் கவிழ்த்த புனல், புனல் காம்பின்மேல் தலைகீழாக நிற்கிற சோதனைக்குழாய். ஜன்னல் வெயிலில் வைத்தால் கொடி மூச்சு விடுவதுபோலக் குமிழி குமிழியாக மேலே போகும். ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய கலர் கண்ணாடித்தாளைப் பாத்திரத்தைச் சுற்றி ஒவ்வொன்றாகச் சுற்றுவேன், பிள்ளைகள் சத்தமாகக் குமிழி எண்ணுவார்கள். சிவப்பில் மளமளவென்று வரும். நீலத்தில் அதற்குச் சற்றுக் குறைவு, ஆனாலும் வரும். பச்சைத்தாளைச் சுற்றினால் வகுப்பே அமைதியாகிவிடும், குமிழி நின்றே போய்விட்டது என்று நினைப்போம், அப்புறம் மனசில்லாமல் ஒன்று கிளம்பும், கிளம்பி இலையோரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும், போகலாமா வேண்டாமா என்று. அந்த ஒன்றுக்காகக் காத்திருப்பதுபோலத்தான் இப்போது இந்த போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வரவேண்டும் என்றும் இருக்கிறது, வரவே கூடாது என்றும் இருக்கிறது. பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, "பச்சைச் செடிக்குப் பச்சைதானுங்க மிஸ் ரொம்பப் புடிக்கோணும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. உட்காரச் சொல்லிவிட்டு அழகாக விளக்கினேன், இலை சிவப்பை எடுத்துக்கொள்கிறது, நீலத்தை எடுத்துக்கொள்கிறது, அந்த இரண்டையும் வைத்துத்தான் சமைக்கிறது, பச்சையைப் பெரும்பாலும் எனக்கு வேண்டாம் என்று தள்ளிவிடுகிறது, அது தள்ளிவிட்டதுதான் உன் கண்ணுக்கு வந்து சேர்கிறது, செடிக்கு எது ஆகாதோ அதைத்தான் நீ செடியின் நிறம் என்கிறாய். கைதட்டினார்கள். அப்படியென்றால் அவர் கண்ணில் நான் பார்த்த மஞ்சள், அதை எது தள்ளிவிட்டது, எங்கே போகவேண்டியது வழி அடைத்து அங்கே வந்து நின்றது. வேண்டாம். அந்தப் பக்கம் போகவேண்டாம். குமிழியை நினை. தண்ணீரை நினை.

தண்ணீர்த்தொட்டியில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கிறது, அதுவாவது ஓடுகிறது. சாயப்பட்டறை வேலையை விட்டுவிட்டு இந்த மாடியில் விளக்கு வைத்து ஓட்டலுக்குக் கீரை வளர்க்கலாம் என்று அவர் கிளம்பியபோது திருப்பூரே சிரித்தது, எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரே சந்தோஷம், கடைசியில் என் பாடம் எதற்கோ உதவுகிறது. அவருக்கு வெள்ளை விளக்கு வைக்கத்தான் ஆசை. "வெள்ளையும் ரெண்டு சேத்துப் போட்டுக்கலாம் கலா, இதுல இலை கலரே தெரியமாட்டீங்குது" என்றார். வெள்ளையில் பாதி பச்சைதான் போகும், செடி எடுத்துக்காத வெளிச்சத்துக்குக் கரண்டு வீணுங்க என்று அடித்துச் சொன்னேன். பச்சையையும் செடி கொஞ்சம் எடுத்துக்கொள்ளத்தான் செய்கிறது, புத்தகத்திலேயே இருக்கிறது, அன்றைக்கு அதைச் சொல்லவில்லை, ஜெயிக்கவேண்டும் என்றிருந்தது. அவர் அதற்குமேல் பேசவில்லை. பேசியிருக்கலாம். நிறத்தைப் பற்றிப் பேச இந்த ஊரில் அவரைவிட யாருக்கு உரிமை. பட்டறையில் ஷேடு பார்த்தவர் அவர்தான், ஆர்டர் கொடுத்த பார்ட்டி அனுப்பிய துணித்துண்டும் இங்கே சாயம் ஏற்றிய துணியும் ஒன்றா இல்லையா என்று சொல்கிற ஆள். யார் எந்தத் துணியைக் கொண்டுவந்து நீட்டினாலும் முதல் கேள்வி, எந்த வெளிச்சத்துல பாத்தீங்க. கடையில் ஒன்றாக இருக்கிற ரெண்டு சிவப்பு வெயிலுக்கு வந்தால் அண்ணன் தம்பிகூட இல்லை என்பார். எனக்குச் சேலை எடுக்கப் போனாலும் கடைக்காரர் பதறப் பதற மடிப்போடு தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் பிரித்துப் பார்ப்பார். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட, நான் காப்பித் தட்டோடு நிற்கிறேன், இவர் தன் அக்கா காதில் ஏதோ சொல்கிறார், நங்கையா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு எங்கள் அம்மாவிடம், "தப்பா நெனச்சுக்காதீங்க, பொண்ண வாசலுக்கு ஒருக்கா வரச்சொல்லுங்க, உள்ள டியூப்லைட்டாம், எங்க தண்டபாணிக்கு ஷேடு புடிபடலையாம்" என்றார். வாசலில் வெயிலில் போய் நின்றேன். கண் கூசியது. பார்த்தார், தலையை ஆட்டினார், அவ்வளவுதான் எங்கள் நிச்சயம். ஒரே ஒரு வெயிலை மட்டும் அவர் சேர்த்துக்கொள்ளவே மாட்டார், பொழுது சாய்கிற வெயில். அந்த நேரத்தில் முதலாளியே வந்து நின்றாலும் துணியைக் கையில் வாங்கமாட்டார். "அந்த வெயில்ல எல்லாத் துணியும் மஞ்சள்தானுங்க, காலைல பாக்கலாம்" என்று கையைக் கட்டிக்கொள்வார். அப்பேர்ப்பட்ட கண். அந்தக் கண்ணுக்கு உள்ளேயே மஞ்சள் ஏறியது, அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

எனக்குத் தெரியவில்லை என்பது பொய். தெரிந்தது. ஒரே ஒரு தடவை தெரிந்தது. இந்த அறையிலிருந்து ஒரு பகலில் இரண்டு பேரும் வெளியே வந்தோம், மாடிப்படி முகப்பில் அவர் திரும்பி, மத்தியானத்துக்கு என்ன குழம்பு என்று கேட்டார், அப்போது பார்த்தேன், கண்வெள்ளை மஞ்சளாக இருந்தது. பார்த்தேன். ஆனால் இந்த அறையை விட்டு வெளியே வந்தால் கொஞ்ச நேரத்துக்கு எல்லாமே அப்படித்தான், வெள்ளைச் சுவர் பச்சையடிக்கும், வேட்டி பச்சையடிக்கும், காய்கிற வடகம்கூடப் பாசி பிடித்ததுபோல இருக்கும், கண் தெளிய நேரமாகும், இது எங்களுக்குள் ஒரு வேடிக்கைகூட, பச்சைப்பூதம் வந்தாச்சு என்பார். அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு, தட்டப்பயிறுக் குழம்புங்க என்றேன். கீழே போய் மறுபடி பார்த்திருக்கலாம் அல்லவா, கண் தெளிந்தபிறகு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை முகத்தைத் திருப்பி ஜன்னலுக்கு நேராக நிறுத்திப் பார்த்திருக்கலாம். கீழே போனதும் குக்கர், அடுத்து மின்சாரக்காரர், அடுத்து எதுவோ. பொழுதெல்லாம் இந்த அறை, இருட்டினால் வீட்டுக் குண்டு பல்பு, விடிவதற்குள் மறுபடி இந்த அறை. இங்கே யாருடைய கண்வெள்ளையும் ரோஸ் நிறம்தான், அவரைப் பார்த்தால் எனக்கு ஜோராகத்தான் தெரிந்தார். உடம்பெல்லாம் அரிக்கிறது என்றார், உரத்தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டேன், நானே, இந்தக் கையாலேயே, முதுகு பூராவும். பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை என்று பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டார், மாடிப்படி ஏறி இறங்குவதில் தொப்பை குறைந்துவிட்டது என்று இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்தோம்.

அது வெளியே வந்ததுகூட என்னால் இல்லை, ஒரு போட்டோகிராபரால். நங்கையா வீட்டுப் பேத்தி கல்யாணம், மண்டபத்து வாசலில் காலை வெயிலில் குடும்பத்தோடு நிற்கவைத்துப் படம் எடுக்கிறார், எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணா ஒரு நிமிஷம், கேமரால ஏதோ செட்டிங் போச்சாட்டம் இருக்குது, உங்க கண்ணு மட்டும் மஞ்சளா விழுகுது" என்கிறார். வெள்ளைத்தாளை நீட்டிப் பிடித்து கேமராவைச் சரி பண்ணுகிறார், மறுபடி எடுக்கிறார், மறுபடி தலையைச் சொறிகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள், மாப்பிள்ளைக்கு வைத்த மஞ்சள் மாமனுக்கு ஒட்டிக்கிச்சு என்று யாரோ சொல்கிறார்கள், நானும் சிரிக்கிறேன், படத்தில் சிரித்துக்கொண்டுதான் இருப்பேன். நங்கையா சிரிக்கவில்லை. தம்பியின் தாடையைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பி, கீழிமையை விரலால் இறக்கிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏங் கண்ணு, நீ பாக்கவே இல்லியா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கண்ணு என்கிற சொல்தான் இன்னும் குத்திக்கொண்டிருக்கிறது, படுத்தால் குத்துகிறது, எழுந்தால் குத்துகிறது, ஆசுபத்திரி வராந்தாவில் நங்கையா டீ வாங்கி நீட்டும்போது குத்துகிறது. பாக்கவே இல்லியா. பார்த்தேன் நங்கையா. பார்த்துவிட்டு என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன்.

எழுந்து அணைத்துவிடலாம். சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அணைத்தால் இருட்டு, ஜன்னலுக்கு அடித்திருக்கிற கறுப்புத் தாளைக் கிழித்தால் வெயில், வெயில் வந்தால் இலை. இத்தனை நாள் உரத்தண்ணீர் மாற்றவில்லை, தொட்டியில் எது தீர்ந்து எது மிச்சமிருக்கிறதோ, பழுத்திருக்கும், பழுக்காமலா இருக்கும். இந்த வெளிச்சத்தில் நல்ல இலை கறுப்பு, நோய்பட்ட இலை கொஞ்சம் சிவந்த கறுப்பு, அந்தக் கொஞ்சத்தைக் கண்டுபிடிக்க அவர் வேண்டும். எனக்கு எல்லாம் கறுப்பாகவே இருக்கட்டும். நான் பார்க்காதவரை கீரை நன்றாக இருக்கிறது, நான் பார்க்காதவரை அவரும் நன்றாக இருக்கிறார், எத்தனை மாசம் அப்படித்தானே நன்றாக இருந்தார், பார்த்த அன்றைக்குத்தானே எல்லாம் ஆரம்பித்தது. இது பைத்தியக்காரத்தனம். தெரிகிறது. தெரிந்தே உட்கார்ந்திருக்கிறேன். கீரை செத்தால் போகட்டும், எல்லாத் தட்டும் போகட்டும், விளக்கு மோட்டார் எல்லாம் போகட்டும், எடுத்துக்கொள், அவரை விட்டுவிடு. யாரிடம் பேரம் பேசுகிறேன். அவர் போய்விட்டால் இந்தச் செருப்பை என்ன செய்வது. இடது செருப்பில் கட்டைவிரல் பள்ளம் அப்படியே இருக்கிறது, அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், அந்தப் பள்ளமும் கத்தரிப்பூ நிறம். எனக்குப் பயமாக இருக்கிறது. அவ்வளவுதான். பயமாக இருக்கிறது.

போன் அடிக்கிறது. நங்கையா இல்லை, அவர். அவருடைய பேரே திரையில் வருகிறது, உயிரோடு இருக்கிறவரின் பேர். எடுத்தேன். "கலா" என்றார். குரல் காய்ந்திருந்தது. சாப்ட்டீங்களா என்று கேட்டேன், வேறு என்ன கேட்பது. "கஞ்சி குடிச்சேன். செடி எப்பிடி இருக்குது?" நல்லாருக்குதுங்க என்றேன். நல்லாவே இருக்குது, கொழுந்தெல்லாம் விட்டிருக்குது, நீங்க அதையெல்லாம் நெனச்சுக்காதீங்க என்று ஓட்டினேன். அந்தப் பக்கம் யாரோ டிராலி தள்ளிக்கொண்டு போனார்கள், அதன் சத்தம் தேய்ந்து அடங்கியது. பிறகு, பட்டறையில் கேட்கிற அதே குரலில், கோபமே இல்லாமல் கேட்டார். "எந்த வெளிச்சத்துல பாத்த?" "லைட்ட அமத்து கலா. ஜன்னலத் தெற. நான் லைன்ல இருக்கறேன்." அணைத்தேன். ஒரு நொடி ஒன்றுமே இல்லை. தட்டித் தடவிப் போய்க் கறுப்புத் தாளைப் பிடித்து இழுத்தேன், ஒரு பக்கம் கிழிந்து வெயில் பளீரென்று உள்ளே விழுந்தது, எல்லாம் பச்சையாக இருந்தது, சுவர், கூரை, என் கை எல்லாம். "பொறு, கண்ணு தெளியட்டும்" என்றார். பொறுத்தேன். பச்சை மெல்ல மெல்ல வடிந்தது. அது வடிய வடியச் செடி தெரிந்தது, கொழுந்து கொழுந்தாக, தட்டுத் தட்டாக, கடைசி வரிசை வரைக்கும். "சொல்லு." மஞ்சளா இருக்குதுங்க என்றேன். "எந்த மஞ்சள்?" எலுமிச்சை மஞ்சளுங்க, நரம்பு மட்டும் பச்சையா நிக்குது. "எல்லாமா?" எல்லாந்தானுங்க என்று சொல்லும்போது அழ ஆரம்பித்திருந்தேன். "ம். அப்பிடிச் சொல்லு" என்றார். அவருக்கும் மூச்சு வாங்கியது. "டாக்டர் முன்னாடியே வந்துட்டாரு. கல்லில்லயாம்."

கல்லில்லயாம். காலையிலிருந்து நான் பிடித்துக்கொண்டிருந்த ஒரே சொல், அதை அவர் வாயாலேயே எடுத்துக்கொண்டுபோய் எங்கோ வைத்துவிட்டார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "தெறந்து பாத்தாத்தான் எடுக்க முடியுமா முடியாதான்னு தெரியுமாம். கோயமுத்தூருக்குப் போகச் சொல்றாங்க." எப்பங்க என்றேன். "நாளைக்கே." இப்பவே வர்றனுங்க, வண்டி கீழதான் நிக்குது என்றேன். "இப்ப வேண்டாம். அக்கா வெளிய போயி அழுதுட்டு வந்து, மூஞ்சி தெளிஞ்சிருக்குதுடா தம்பிங்குது. நர்சுப்புள்ளையும் பரவால்லீங்கண்ணாங்குது. இங்க பூரா டியூப்லைட்டு, எவஞ் சொல்றத நம்பறது." சிரிக்கப் பார்த்தார், இருமலாகப் போயிற்று. "இங்க மேக்கால ஒரு வாசல் இருக்குது கலா. பொழுது சாயறப்ப வா. என்னையக் கூட்டிட்டுப் போயி அந்த வெயில்ல நிறுத்திப் பாரு. பாத்துட்டு மஞ்சள் எறங்கிருக்குதா இல்லையான்னு நீ சொல்லு. நீ சொன்னாச் செரி." சரிங்க என்றேன். வைத்துவிட்டார்.

தொட்டியிலிருந்த பழைய உரத்தண்ணீரை வெளியே திறந்துவிட்டேன், புதிதாகக் கலக்கக் கை வரவில்லை, மோட்டாரை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினேன். நாலாம் படியிலோ ஐந்தாம் படியிலோ கால் நின்றுவிட்டது. பொழுது சாயறப்ப. முதலாளி நீட்டினாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மனுஷன். சேலையை உச்சி வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மனுஷன். அந்த வெயிலில் நான் மஞ்சள், நங்கையா மஞ்சள், ஆசுபத்திரிச் சுவர் மஞ்சள், அவரைப் பக்கத்தில் நிறுத்தினால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அது அவருக்குத் தெரியாதா. தெரிந்துதான் அந்த நேரத்தைச் சொல்லியிருக்கிறார். செடிக்கு மட்டும் உண்மையை என் வாயிலிருந்து பிடுங்கிவிட்டு, தனக்கு அந்த வெயிலைக் கேட்டிருக்கிறார். அவருக்கும் பயமாக இருக்கிறது. பையை எடுத்துத் தோளில் மாட்டினேன், மாட்டிவிட்டு முகம் கழுவினேன், வாசலுக்கு வந்து பார்த்தால் வெயில் இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது. வண்டிச் சீட்டின்மேல் பையை வைத்துக்கொண்டு நின்றேன், வெயில் பழுக்கட்டும் என்று.